ஒரே லாட்

காங்கேயம்
3 ஜூன் 2024

அன்புள்ள சாமியப்பா,

"அக்கா, அப்பாவுக்கு வந்தது எனக்கும் வருமுங்களா?"

கல்யாண மண்டபத்தில் கை கழுவும் இடத்தில் நின்று நீ என்னிடம் கேட்ட கேள்வி இது. குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டே கேட்டாய். நமக்குப் பின்னால் நாலு பேர் எச்சில் கையோடு நின்றார்கள். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் யாரோ உன்னைப் போட்டோ எடுக்க இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். போட்டோவில் நீ சிரிக்கிறாய். அதையும் பார்த்தேன்.

மறுநாள் காலை உன் வீட்டுக்கு வந்தேன். நீ பனியன் கம்பெனிக்குப் போயிருந்தாய். மயிலாத்தாளிடம், "அவனெத் தனியா விட்டுப்போடாதே கண்ணு. தூங்கறானா, திங்கறானான்னு பாத்துக்கோ" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று மாலையே என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். செய்துகொள். தபால்காரரை யாராலும் பிளாக் செய்ய முடியாது.

நம் அப்பா போனதும், நாலைந்து வருடம் கழித்துச் சித்தப்பா போனதும் ஊருக்கு நெஞ்சு வலி. நாமும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். நீயும் நானும் தனியாக இருக்கும்போதுகூட அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. இன்று எழுதுகிறேன். இருவரும் தற்கொலை செய்துகொண்டார்கள். எழுதி முடித்த பிறகும் பேனா நன்றாகத்தான் எழுதுகிறது.

உன் கேள்விக்கு என் பதில் இது: வந்தே தீரும் என்று எந்த விதியும் இல்லை. மற்றவர்களைவிட உனக்குக் கொஞ்சம் கூடுதல் வாய்ப்பு உண்டு, அவ்வளவுதான். அம்மாவுக்குக் கிட்டப்பார்வை, எனக்கும் வந்தது. நான் கண்ணாடி போட்டுக்கொண்டு பாடம் நடத்தினேன். கண் இப்படித்தான் என்று கரும்பலகையைப் பார்க்காமல் உட்கார்ந்துவிடவில்லை.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

உன் அக்கா
பழனியம்மாள்


அருள்புரம்
7 ஜூன் 2024

அக்காவுக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. வீட்டுக்கு வருகிற தபாலை மயிலாதான் வாங்குகிறாள். இனிமேல் எழுதுவதானால் கம்பெனி முகவரிக்கு எழுதுங்கள். எழுதவே வேண்டாம் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன், இப்படி எழுதிவிட்டேன்.

நீங்கள் வந்து சொல்லிவிட்டுப் போனதிலிருந்து வீடு வீடாக இல்லை. சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து என் வாயைப் பார்க்கிறாள். குளியலறைக் கதவைத் தட்டி, "ஏனுங்க, சத்தத்தையே காணோம்?" என்கிறாள். குளித்து முடிக்கும் வரை முருகன் மேல் ஏதாவது பாடிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. என் குரல் உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அமானுல்லா பாய் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "சாமியப்பண்ணா, இன்னைக்கு ராகம் கொஞ்சம் மேல போயிருச்சுங்களே" என்கிறார்.

இது சிரிக்கிற விஷயம் இல்லை. ஆவணியில் பரணியைப் பெண் பார்க்க அவிநாசியிலிருந்து வருகிறார்கள். நல்ல இடம். பையன் ஏற்றுமதிக் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர். அவர்கள் ஆள் விட்டு விசாரித்துவிட்டார்கள். "தாத்தா எப்படித் தவறினாருங்க?" என்று கேட்டதற்கு நெஞ்சு வலி என்று சொல்லியாயிற்று. இந்த நேரத்தில் நீங்கள் பேனாவை எடுத்துக்கொண்டு அந்தச் சொல்லை எழுதி, மூன்று ரூபாயோ ஐந்து ரூபாயோ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புகிறீர்கள்.

மண்டபத்தில் ஏதோ வாய்க்கு வந்ததைக் கேட்டேன். மறந்துவிடுங்கள். எனக்கு ஒன்றும் இல்லை. தூக்கம் மட்டும் இல்லை.

சாமியப்பன்


காங்கேயம்
11 ஜூன் 2024

அன்புள்ள சாமியப்பா,

"தூக்கம் மட்டும் இல்லை" என்ற வரியை நீ கடைசியில் வைத்திருக்கிறாய். பிள்ளைகளும் இப்படித்தான். விடைத்தாளில் கடைசி வரியில்தான் தெரிந்ததை எழுதுவார்கள்.

மூளையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். உன் கம்பெனியை வைத்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள். மூளையில் நரம்புச் செல்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு இல்லை. நடுவில் சின்ன இடைவெளி உண்டு. ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குச் செய்தியைக் கொண்டுபோக வேதிப்பொருட்கள் இருக்கின்றன. உங்கள் கட்டிங் செக்‌ஷனிலிருந்து தையல் லைனுக்குப் பண்டல் தூக்கிப் போகிறவர்களை நினைத்துக்கொள். அவர்களில் பாதிப் பேர் வராத நாளில், வெட்டிய துணி நன்றாகத்தான் இருக்கும். தையல்காரரும் சும்மா இருக்கமாட்டார். ஆனாலும் லைன் நின்றுவிடும். வெளியிலிருந்து பார்ப்பவர், "என்னப்பா, எல்லாம் இருக்குது, ஏன் ஓடலை?" என்பார்.

அந்த வேதிப்பொருட்களில் ஒன்றின் பெயர் செரோடோனின். மனநிலை, தூக்கம், ஒரு யோசனை வந்ததும் உடனே அதன் பின்னால் ஓடாமல் நிற்பது, இவற்றோடெல்லாம் அதற்குத் தொடர்பு உண்டு. அது எப்படி வேலை செய்கிறது என்பதில் ஆளுக்கு ஆள் பிறப்பிலேயே சிறு வித்தியாசங்கள் இருக்கின்றன. தற்கொலை செய்துகொண்டவர்கள் சிலரின் மூளையை ஆராய்ந்து, அங்கே இந்த அமைப்பில் மாறுபாடு இருந்ததாக எழுதியிருக்கிறார்கள். விஞ்ஞானிகளே முழுக்கத் தெரியும் என்று சொல்வதில்லை, நான் சொன்னால் நம்பாதே. செரோடோனின் ஒன்றே காரணம் என்றும் யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒன்று தெரியும். இதற்கென்று ஒற்றை மரபணு கிடையாது. பல மரபணுக்கள், ஒவ்வொன்றும் துளித்துளியாகச் சேர்க்கிறது. மிச்சத்தைத் தூக்கமும், குடியும், தனிமையும், இழப்பும், நாம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பதும் சேர்க்கின்றன. ரத்தத்தை எடுத்துப் பார்த்து, இவன் இப்படிப் போவான் என்று சொல்லும் சோதனை உலகத்தில் எங்கும் இல்லை.

ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களைப் பார். மரபணு அச்சு அசல் ஒன்றுதான். அப்படிப்பட்ட ஜோடிகளில் ஒருவர் தற்கொலை செய்துகொண்டால்கூட, பெரும்பாலும் இன்னொருவர் அப்படிச் சாவதில்லை. அப்பாவிடமிருந்து நீ வாங்கியிருப்பது பாதிதான். மறுபாதி அம்மா. அம்மா எப்படிப்பட்டவள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரேஷன் கடைக்காரரையே அழவைத்தவள்.

ஒரு டாக்டரைப் பார். கோயம்புத்தூருக்குப் போனால் யாருக்கும் தெரியாது.

அக்கா


அருள்புரம்
15 ஜூன் 2024

அக்கா,

உங்கள் உதாரணம் நன்றாக இருந்தது. என் பங்குக்கு நானும் ஒன்று சொல்கிறேன்.

சாயப்பட்டறையிலிருந்து துணி ரோல் ரோலாக வருகிறது. ஒரே நூல், ஒரே தொட்டி, ஒரே நாளில் சாயம் ஏறியது எல்லாம் ஒரு லாட். முதல் ரோலைப் பிரித்து விளக்குக்கு முன்னால் ஓட்டிப் பார்ப்போம். திட்டுத் திட்டாக இருக்கிறது. சரி என்று இரண்டாவதைப் பிரிப்போம். அதிலும் திட்டு. மூன்றாவதை யாரும் பிரிப்பதில்லை. அதன் மேலேயே ஹோல்ட் என்று சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி மூலையில் தள்ளிவிடுவோம். இத்தனை வருடமாக நான் செய்கிற வேலை இது.

அப்பா முதல் ரோல். சித்தப்பா இரண்டாவது. அப்பா போன வயது எனக்கு வந்துவிட்டது.

ஏதாவது காரணம் இருந்தால் பரவாயில்லை. முதலாளி தங்கமானவர். பரணி நன்றாகப் படித்து வேலைக்குப் போகிறாள். மயிலாவைப் பற்றிக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஒரு குறையும் இல்லை. அதனால்தான் இது ரத்தம் என்கிறேன். காலையில் எழுந்து செருப்பைப் போடுவது, பாறாங்கல்லைப் புரட்டுகிற மாதிரி இருக்கிறது. துணியின் நிறத்தைப் பார்க்கிறேன், அது சரியா தவறா என்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பையன்கள் சொல்வதற்குத் தலையாட்டிவிடுகிறேன்.

நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் லேசாக இருக்கும் என்று படுகிறது. அழுகை வரவில்லை. அடுத்த வாரம் எந்த ஆர்டரை ஏற்றுவது என்று யோசிக்கிற மாதிரி அமைதியாக அதை யோசிக்கிறேன்.

படித்ததும் கிழித்துவிடுங்கள். மயிலாவிடம் சொல்லாதீர்கள்.

சாமியப்பன்


காங்கேயம்
19 ஜூன் 2024

சாமியப்பா,

கிழிக்கவில்லை. மயிலாத்தாளிடமும் சொல்லிவிட்டேன். இந்த இரண்டையும் நீ கோபித்துக்கொள்ளலாம். ஆயுசு பூராவும் கோபித்துக்கொண்டிரு, எனக்கு அது போதும்.

உன் கடிதம் கையில் கிடைத்ததும் கட்டியிருந்த சேலையோடு பஸ் ஏறியவள் நான். உங்கள் கம்பெனி வாட்ச்மேன் முனீஸ் மதுரைப் பக்கத்துப் பிள்ளையாம், நல்ல பிள்ளை. "சார் மீட்டிங்ல இருக்காக, இப்ப பாக்க முடியாதும்மா" என்றான். "மீட்டிங்கெ முடிச்சுட்டு வரச் சொல்லு சாமி. இல்லீன்னா நானு உள்ள வந்து மீட்டிங்ல உக்காந்துக்கறேன்" என்றேன். அதற்குத்தான் நீ எல்லார் முன்னாலும், "என்னைப் பைத்தியக்காரனாக்காமெ உடமாட்டீங்களாக்கா?" என்று கத்தினாய். கத்தியது நல்லது. அதுவரை உன் முகத்தில் ஒன்றுமே இல்லை.

எதிர் டீக்கடையில், சாகத் தோன்றுகிறதா என்று நான் நேராகக் கேட்டேன். நீ ஆமாம் என்றாய். டீக்கடைக்காரருக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

லாட் பற்றி அங்கே பேசியதை நினைத்துக்கொண்டேயிருக்கிறேன். ஹோல்ட் போட்டதை அப்புறம் என்ன செய்வாய் என்றேன். "லேபுக்கு அனுப்பி டெஸ்ட் பண்ணுவோமுங்க" என்றாய். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். நீ டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "ரோலுக்கு வலிக்காதுங்க்கா" என்றாய்.  

கோயம்புத்தூரில் மனநல டாக்டர் மெஹ்ஜபினிடம் 27ஆம் தேதி வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறது. மயிலாத்தாள் கூட வருவாள். அதுவரை அவள் உன் கூடவே இருப்பாள், நீ எவ்வளவு பாடினாலும் சரி. குடும்பத்தைப் பற்றி டாக்டர் கேட்டால் நெஞ்சு வலி என்று சொல்லிவிடாதே. நெஞ்சு வலிக்குத்தான் மருந்து கொடுப்பார். நடுவில் எந்த நேரத்தில் தாங்க முடியாமல் போனாலும் 14416 என்ற எண்ணைக் கூப்பிடு. அரசாங்கத்தின் மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள். மயிலாத்தாள் போனிலும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். என் நம்பர் மேல் போட்ட பிளாக்கையும் எடுத்துவிடு.

அக்கா


அருள்புரம்
30 ஜூன் 2024

அக்காவுக்கு,

உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனாலும் இதைப் போனில் சொல்ல முடியாது. வீட்டில் நாலு காது, கம்பெனியில் நானூறு காது.

டாக்டரிடம் போனோம். வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு எதிரில் ஒருவர் தினசரியை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தார். வெகுநேரம் பக்கத்தைப் புரட்டவேயில்லை. மயிலாதான் காலைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, அந்தச் செருப்பு நம்ம நாச்சிமுத்துத் தம்பி செருப்பாட்டம் இருக்குதுங்களே" என்றாள். பேப்பர் மெதுவாகக் கீழே இறங்கியது. நம் சித்தப்பா மகன் நாச்சிமுத்துவேதான்.

"ஏண்டா, நீ எங்கடா இங்க?"

"சர்க்கரைக்குங்ணா."

"இது மனசுக்குப் பாக்கற டாக்டர்டா."

பேப்பரை நாலாக மடித்தான். "மண்டைக்கு ஏறிருச்சுங்ணா" என்றான்.

அக்கா, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை மாதமாயிற்று. ரிசப்ஷன் பெண் எட்டிப் பார்த்தாள். அவனும் சிரித்து, கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான். பதினொரு வருடமாக இந்த டாக்டரிடம் வருகிறானாம். ஆரம்பத்தில் ரொம்ப மோசமாக இருந்ததாம், சித்தப்பா வழியிலேயே போகிறவனாக இருந்தானாம். மாத்திரையும், வாராவாரம் உட்கார்ந்து பேசுவதுமாக மேலே வந்துவிட்டான். நடுவில் தானாக நிறுத்தி ஒருமுறை விழுந்து, மறுபடி எழுந்திருக்கிறான்.

"அப்புறம் இந்தச் சர்க்கரை?" என்றேன்.

"பெரியம்மா ஊட்டு விசேசத்துல மாத்திரை டப்பாவெ ஒருத்தரு பாத்துட்டாருங்ணா. என்னப்பா இதுன்னாரு. சர்க்கரைக்குங்கன்னு வாயில வந்துருச்சு. அன்னையிலிருந்து எந்த ஊட்டுக்குப் போனாலும் கசக்கற காப்பிதானுங்க. பந்தியில என்ற எலைய மட்டும் தாண்டிப் போயித்தான் ஜாங்கிரி வெக்கறாங்க. பதனொரு வருசமுங்ணா! சர்க்கரை இருக்கறவன்கூட ஒளிஞ்சு ஒண்ணு திம்பான்."

உள்ளே டாக்டர் அம்மா கேட்டார்: குடும்பத்தில் யாருக்காவது இப்படி உண்டா? நெஞ்சு வலி என்று நாக்கு நுனி வரை வந்தது. மயிலா பக்கத்தில் இருக்கிறாள். சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு, "தெரியுமுங்க. எங்க ஊட்ல விசாரிச்சப்பவே தெரியும். தெரிஞ்சுதான கட்டிக்கிட்டேன்" என்றாள். டாக்டரிடம் சொல்கிறாளா, என்னிடம் சொல்கிறாளா என்று தெரியவில்லை.

யார் யார் இறந்தார்கள் என்பதோடு டாக்டர் விடவில்லை. யாருக்காவது வந்து, சரியாகி, இப்போது இருக்கிறார்களா என்றும் கேட்டார். ஒருவர் வெளியே பேப்பர் படிக்கிறார் என்றேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்றாவது ரோல் பிரித்தே கிடந்திருக்கிறது. இத்தனை வருடம் அதன் மேல் சர்க்கரை என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததால் நான் எடுத்துப் பார்க்கவில்லை.

மாத்திரை முழுதாக வேலை செய்யச் சில வாரங்கள் ஆகுமாம், அதுவரை தனியாக இருக்கக் கூடாதாம், அவர்களைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாதாம். நன்றாகிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். முந்தாநாள்கூட அந்த யோசனை வந்தது. வந்ததும் மயிலாவை எழுப்பிச் சொன்னேன். எழுந்து உட்கார்ந்துகொண்டாள். நேற்றிரவு நாலு மணி நேரம் தொடர்ந்து தூங்கியிருக்கிறேன்.

அவிநாசிக்காரர்களுக்கு என்ன சொல்வது என்பதைப் பரணியே முடிவு செய்யட்டும் என்று நானும் மயிலாவும் பேசியிருக்கிறோம். ஆனால் அதற்கு முன் பரணிக்கே தெரிய வேண்டும். அவளுக்கும் இதில் ஒரு துளி போயிருக்கலாம் அல்லவா? வீட்டில் சர்க்கரை இருந்தால் பிள்ளைகளிடம் சொல்வதில்லையா, அதுபோல இதையும் சொல்லுங்கள் என்கிறார் டாக்டர். இரண்டு முறை அவள் அறை வாசல் வரை போய், "சாப்புட்டயா கண்ணு?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். எப்படிச் சொல்வது, நீங்கள் சொல்லுங்கள்.

சாமியப்பன்


காங்கேயம்
4 ஜூலை 2024

அன்புள்ள சாமியப்பா,

மயிலாத்தாளை எழுப்பினாய் என்ற வரியை மட்டும் நாலு முறை படித்தேன். அதைத் தொடர்ந்து செய். தினமும் எழுப்ப வேண்டியிருந்தாலும் எழுப்பு.

நாச்சிமுத்துவின் சம்மதத்தோடுதான் நீ எழுதியிருப்பாய் என்று நம்பி, மைசூர்பாகு வாங்கிக்கொண்டு அவன் வேலை பார்க்கும் எண்ணெய் மில்லுக்குப் போனேன். வாரம் தவறாமல் தேங்காயெண்ணெய் வாங்கப் போகிற இடம் அது. பெட்டியைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. "அண்ணன் சொல்லிப்போட்டாருங்களா? சரிங்க்கா, அது போகட்டும். காலங்காத்தால பாகக்காச் சாறு கொண்டாந்து, பக்கத்துல நின்னு குடிக்க வெச்சீங்களே, அதுக்கு என்ன பதில் சொல்றீங்க?" என்றான். ஆமாம், வைத்தேன். கணையம் எங்கே இருக்கிறது என்று எண்ணெய் வாங்கிய பில்லின் பின்னால் படம்கூட வரைந்து காட்டினேன். உயிரியல் ஆசிரியை! என்னை நிற்க வைத்துவிட்டு நாலு துண்டு மைசூர்பாகு தின்றான். பணியாளர்கள் பதறிப்போய், "அண்ணா, சர்க்கரைங்ணா!" என்று ஓடி வந்தார்கள். "போயிருச்சு, அக்கா மந்திரிச்சுட்டாங்க" என்றான்.

அவனிடமே உன் கேள்வியைக் கேட்டேன், பரணியிடம் எப்படிச் சொல்வதென்று. அவன் சொன்னான்: "எங்கப்பா போன பொறகு எங்கிட்ட எல்லாரும் எதையாச்சும் சொன்னாங்க்கா. படி, அம்மாவப் பாத்துக்கோ, தைரியமா இருன்னு. உனக்கு எப்படிடா இருக்குதுன்னு ஒருத்தரும் கேக்கலீங்க." பிறகு தராசைத் துடைக்க ஆரம்பித்துவிட்டான்.

அதனால் பரணியிடம் நீ பெரிய விளக்கம் எதுவும் தயார் செய்துகொள்ளாதே. மரபணுவெல்லாம் வேண்டுமானால் நான் வந்து சொல்லிக்கொள்கிறேன். தாத்தா எப்படிப் போனார் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல். உனக்கு இப்போது என்ன, அதற்கு என்ன மருந்து என்பதை இன்னொரு வாக்கியத்தில் சொல். பிறகு, அவளுக்கு எப்படி இருக்கிறது என்று கேள். அவள் தலையில் நாமே இந்த நினைப்பைப் போட்டுவிடுவோமோ என்று நீ பயப்படுவாய். கேட்பதால் அது புதிதாக வருவதில்லை. இருந்தால், கேட்பவரிடம் சொல்ல வழி கிடைக்கிறது. இல்லாவிட்டால், "என்னப்பா, இப்படிக் கேக்கறீங்க?" என்று முறைப்பாள். இரண்டும் நல்லதுதான்.

நேருக்கு நேர் உட்கார வேண்டாம். முகம் பார்த்தால் உனக்கு வாய் வராது. அவளை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடப் போகும்போது, வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்து. "இருக்கவே வேண்டாம்னு உனக்கு எப்பவாச்சும் தோணியிருக்குதா கண்ணு?" என்று கேள். கேட்ட பிறகு, அவள் பேசி முடிக்கும் வரை நீ வாயைத் திறக்காதே.

அக்கா